சாத்தம் பக்கம் வரக் கூடாது

சந்திரன் கண்ணையாவை அடித்தது உண்மை. அதை அவன் கோர்ட்டிலும் மறுக்கவில்லை.

அது 1974 ஜனவரி மாதம். அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் ஜெட்டியில் கப்பலுக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூலியாட்களை அனுப்புவது ராஜமாணிக்கம் என்ற காண்ட்ராக்டர். அவர்களை விரட்டி வேலை வாங்குவது அவருடைய மேஸ்திரி கண்ணையா. மதியம் சங்கிலி நழுவி ஒரு பெரிய கட்டை உருண்டது. ஓர் ஆளின் பாதம் அதன் கீழே மாட்டிக்கொண்டது. கட்டையை நெம்பி அவனை வெளியே இழுத்தபோது செருப்போடு சேர்ந்து பாதம் தட்டையாகியிருந்தது.

"ஓரமாப் படுக்க வைங்கலே. கப்பல் நாலு மணிக்குக் கெளம்பணும். ஒருத்தனும் கைய எடுக்கக் கூடாது" என்றான் கண்ணையா.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம்" என்றான் சந்திரன்.

"கள்ளத்தோணியில வந்த நாய்க்கு இங்க என்னலே அதிகாரம்?"

சந்திரனின் தாத்தா காலத்திலிருந்தே அவன் குடும்பம் இலங்கையில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. அங்கே அவர்களைக் கள்ளத்தோணி என்றுதான் திட்டினார்கள். கடைசியில் இந்தியாவுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். தலைமன்னாரில் ஏறி, மண்டபம் முகாமில் பதினொரு மாதம் கிடந்து, மெட்ராசில் கப்பல் ஏறி அந்தமான் வந்தார்கள். கட்சால் தீவில் ரப்பர் வெட்டும் வேலைக்குப் போகத்தான் வந்தது. மகள் தங்கத்துக்கு வாந்தி கண்டதால் கட்சால் கப்பலைத் தவறவிட்டு, பாம்பூஃப்ளாட்டில் ஒரு தகரக் கொட்டகையில் தங்கி, எதிரே சாத்தத்தில் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டார்கள். இத்தனை கடலைத் தாண்டி வந்த பிறகு ஒரு தமிழன் வாயிலிருந்து அதே வார்த்தை வந்ததும், சந்திரன் கையிலிருந்த நெம்புகோலை ஓங்கி வீசினான். கண்ணையாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

கண்ணையாவின் ஆட்கள் நான்கு பேர் சந்திரனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். எழுந்தபோது அவன் வாயில் இரண்டு பல் இல்லை.

மாஜிஸ்திரேட் சந்திரனுக்குப் பதினைந்து நாள் ஜெயில் கொடுத்தார். கண்ணையாவின் ஆட்கள் நாலு பேரையும் எச்சரித்து அனுப்பிவிட்டார். கமலாட்சி, சந்திரனின் மனைவி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அடித்தான், உள்ளே போனான். சரி.

அவளால் பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. சந்திரன் வெளியே வரும் நாளன்று ராஜமாணிக்கம் ஒரு மனு போட்டிருந்தார். சாட்சி கண்ணையா. 'வெளியே வந்ததும் எங்கள் சிலோன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து மரக் கிடங்கைக் கொளுத்துவேன்' என்று சந்திரன் சொன்னதாக அவன் சத்தியம் செய்தான். சந்திரன் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஜெயிலுக்குள் இருந்தவன் கண்ணையாவிடம் எப்படிச் சொல்வான் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன் என்று இங்கிலீஷில் ஓர் உத்தரவு வந்தது. பாம்பூஃப்ளாட் போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு அதை இந்தியில் சுருக்கிச் சொன்னார்.

"சாத்தம் பக்கம் வரக் கூடாது. ஃபெரியில் ஏறக் கூடாது. காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, இங்கே வந்து கையெழுத்து. உன் ஜனங்க மூணு பேருக்கு மேல சேர்ந்து நிற்கக் கூடாது. சமஜ் கயா?"

சந்திரன் புரிந்ததாகத் தலையாட்டினான். பாம்பூஃப்ளாட்டில் சிலோன்காரக் குடும்பம் ஆறுதான். தண்ணீர்க் குழாயில் நாலு பேர் நின்றால் சந்திரன் குடத்தோடு தள்ளிப் போய் நிற்க வேண்டியிருந்தது. வேலை எதிர்க் கரையில் இருந்தது, பத்து நிமிஷப் படகுப் பயணம். அவன் இந்தக் கரையில் பாக்குத் தோப்பில் பாளை பொறுக்கினான். கமலாட்சி அவனுக்குப் பதிலாக ஜெட்டிக்குப் போய்ச் சிராய் அள்ளினாள்.

முப்பத்தொரு நாள் சந்திரன் கையெழுத்துப் போட்டான். ஒரு வேளை தவறவில்லை.

மார்ச் மாதம் தங்கத்துக்கு டைபாய்டு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கமலாட்சி கூடவே இருந்தாள். ஏழாம் நாள் பிள்ளை கொஞ்சம் கண் விழித்து, "அப்பா எங்க?" என்றது. அக்கரைக்குத் திரும்பிப் போகிற ஒருத்தியிடம் கமலாட்சி அதைச் சொல்லி அனுப்பினாள். சொல்லி அனுப்பியிருக்கக் கூடாது என்று பிறகு ஆயிரம் தடவை நினைத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு சந்திரன் ஏழு மணிப் படகில் ஏறினான். சாயங்காலம் ஆறுக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. கையில் இரண்டு பன்னும் ஒரு சாத்துக்குடியும் வைத்திருந்தான். சாத்தத்தில் இறங்கியதும் எதிரில் கண்ணையா, தூளியில் கை தொங்க நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு. அரை மணி நேரம். மொகத்தப் பாத்துட்டு நானே வந்து நிக்கிறேன்" என்று சந்திரன் கும்பிட்டான்.

"அத ஏட்டுகிட்டச் சொல்லு" என்று கண்ணையா போலீஸ்காரரைக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் அன்று கமலாட்சி பிள்ளையிடம் அப்பா வருவார் என்று சொல்லி வைத்திருந்தாள். யாராவது உள்ளே வரும்போதெல்லாம் தங்கம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. நான்கு மணிக்கு மேல் தூக்கவில்லை. சாயங்காலம்தான் சேதி வந்தது. உத்தரவை மீறியதற்கு மூன்று மாதம் ஜெயில்.

மறுநாள், மார்ச் பதின்மூன்று, கமலாட்சி ஜெட்டிக்குப் போய்க் கண்ணையாவின் முன்னால் நின்றாள். தோட்டத்தில் மேஸ்திரியைக் கூப்பிடும் பெயரால்தான் அவனையும் கூப்பிட்டாள்.

"ஒன் ஒடஞ்ச கை ஒட்டவே கூடாது கங்காணி. ஒட்டுனாலும் வெளங்கக் கூடாது."

"உம்புருசன் வெளிய வரட்டும். கடல்ல தள்ளி மீனுக்குப் போடுதேன். அடுத்தது நீ" என்றான் அவன்.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தது. முடியெல்லாம் கொட்டியிருந்தது. கமலாட்சி அதை ஒரு பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வக்கீல் பக்தவத்சலத்தைத் தேடிப் போனாள்.

பக்தவத்சலம் தீவிலேயே பிறந்தவர். அவர் தாத்தாவைக் கொலைக் கேசில் வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தான். தண்டனை முடிந்ததும் தாத்தா இங்கேயே மண்ணைக் கொத்திக் குடும்பம் கட்டினார். பக்தவத்சலம் பேசும் தமிழில் பாதி இந்தி. அவர் கோர்ட்டிலிருந்து உத்தரவின் நகலை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"அரே. இத யாரும் உனக்குச் சொல்லலியா?"

"என்ன ஐயா?"

"இந்த லைன். 'இந்த இனத்து ஜனங்க இயல்பிலேயே கலகக்காரங்க' அப்படின்னு ஜட்ஜ்மெண்ட்லயே எழுதிருக்கான். மத்லப், அதாவது, உன் ஆளு செஞ்சதுக்காக இல்ல. சிலோன்லருந்து வந்ததுக்காகக் கட்டிப் போட்டிருக்கான்."

கமலாட்சி அவர் காட்டிய வரியின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "அத இங்கிலீஷ்லயே ஒருக்கா சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். படகில் திரும்பும்போது உதடு அசைய அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். சிராய் அள்ளும்போதும் சோறு வடிக்கும்போதும் சொன்னாள். ஒரு வாரத்தில் அந்த வரி அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

ஏப்ரல் கடைசியில் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் எழுந்து, சிலோன் தோட்டங்களில் இவர்கள் சண்டை சச்சரவில் பழகியவர்கள், ஜெட்டியில் அமைதி வேண்டும் என்றார். ஜட்ஜ் வயதானவர், வங்காளி, காது சற்று மந்தம்.

"அதே அடிதடியில் இருந்த மற்ற நான்கு பேருக்கு என்ன நிபந்தனை?" என்று கேட்டார்.

"நிபந்தனை இல்லை, யுவர் ஆனர்."

"ஏன்?"

அரசு வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். பக்தவத்சலம் கீழ்க் கோர்ட்டின் அந்த வரியைப் படிக்க அனுமதி கேட்டு, கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினார். அவர் துழாவிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் உரக்க வந்தது.

"பீப்பிள் ஆஃப் திஸ் ரேஸ் ஆர் டர்புலன்ட் பை நேச்சர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் கமலாட்சி நின்றுகொண்டிருந்தாள். சேவகன் அவளை உட்காரச் சொல்லி அதட்டினான். ஜட்ஜ் கையைக் காதில் வைத்து, மறுபடி சொல்லச் சொன்னார். அவள் மறுபடி சொன்னாள், ஓர் எழுத்துப் பிசகாமல். அர்த்தம் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்.

"தெரியும் சாப். என் வீட்டுக்காரரக் கட்டிப் போட்ட கயிறு."

தீர்ப்பு இரண்டு நாளில் வந்தது. ஒருவனை ஒழுங்காக நடந்துகொள்ளச் சொல்லலாம். அவன் பிழைப்புக்கும் பிள்ளைக்கும் போகும் படகை மறிக்கக் கூடாது. பிறந்த இடத்தை வைத்து யாரையும் கலகக்காரன் என்று எழுத எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. நிபந்தனைகள் ரத்து. மீறியதற்கான தண்டனையும் ரத்து. ஒன்றரை மாதம் உள்ளே இருந்துவிட்டு சந்திரன் வெளியே வந்தான்.

கோர்ட் வாசலில் பக்தவத்சலம் பீடி பற்றவைத்தார். கமலாட்சி கேட்டாள்.

"அந்த வரிய எழுதுனவருக்கு என்னா தண்டன?"

"தண்டனையா? ட்ரான்ஸ்ஃபராகி மெயின்லாண்ட் போயாச்சு."

"பொய்ச் சத்தியம் பண்ண கங்காணிக்கு?"

"ஒண்ணுமில்ல."

"மொதலாளிக்கு?"

வக்கீல் சிரித்தார். "புருஷன் கெடச்சானா? கர் ஜாவோ. வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போனாள். அன்று எல்லோரும் சேர்ந்து குழாயடியில் பத்துப் பேராக நின்று பேசினார்கள். சந்திரன் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. கமலாட்சிக்கு அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. பிள்ளை தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்ததுதான் கண்ணுக்குள் நின்றது. அதற்கு யாராவது அழ வேண்டும் என்று இருந்தது.

மே மாதம் அவள் மறுபடி வக்கீலிடம் போனாள். இந்த மாதம் இரண்டாம் தேதி படகில் வைத்துக் கண்ணையா தன்னையும் புருஷனையும் கொன்று கடலில் போடுவதாக மிரட்டினான் என்றாள். ராஜமாணிக்கம்தான் ஏவிவிடுகிறார் என்றாள். இரண்டு பெண்களைச் சாட்சிக்கும் கூட்டிவந்தாள். பக்தவத்சலம் நம்பி மனு எழுதினார்.

சந்திரனுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

"அது மார்ச்சு மாசம் நடந்தது. ஜெயிலுக்கு வந்து பாத்தப்ப நீயே எங்கிட்டச் சொன்ன. இப்ப அவன் வாயே தொறக்கலியே."

"அவங்க சொன்னது முழுப் பொய். அதுல நீங்க ஒன்றர மாசம் உள்ள கெடந்தீங்க. நான் சொன்னதுல தேதி மட்டுந்தானே பொய்?"

"நமக்கு எதுக்கு புள்ள இது? எங்க அக்கா கட்சால்ல இருக்கு. ரப்பர் வெட்டுற வேல நமக்குத் தெரிஞ்ச வேல. அடுத்த கப்பல்ல போயிருவோம்."

"அவன் ஒரு நாளாச்சும் அந்தப் புத்தகத்துல கையெழுத்துப் போடாம நான் கப்பல் ஏற மாட்டேன்."

புது மாஜிஸ்திரேட் முன்னால் ராஜமாணிக்கம் சலவை வேட்டியில் வந்தார். அவருக்கு ஒரு வக்கீல், நற்சாட்சிக்கு மூன்று பெரிய மனிதர்களின் கடிதம். அரை மணியில் அவர் பெயரை நீக்கிவிட்டார்கள். அவர் கண்ணையா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார். கண்ணையாவுக்கு வக்கீல் இல்லை. மூக்குறிஞ்சும் ஒரு கோர்ட் குமாஸ்தா கேஸ் கட்டிலிருந்து பழைய உத்தரவு ஒன்றை உருவி, இனத்தைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டு, பெயரை மாற்றித் தட்டச்சு அடித்தார். செஷன்ஸ் கோர்ட் அந்த நிபந்தனைகளை ரத்து செய்த சங்கதி அவர் மேஜைக்கு இன்னும் வந்து சேரவில்லை. கண்ணையாவும் பாம்பூஃப்ளாட்காரன்தான். சாத்தம் பக்கம் வரக் கூடாது, ஃபெரி ஏறக் கூடாது, காலை ஆறு, மாலை ஆறு.

கமலாட்சி முதல் நாள் காலை ஐந்தரைக்கே அவுட்போஸ்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாள். கண்ணையா வந்தான். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஏட்டு முகம் நிமிரும்வரை வெளியே நின்று, குனிந்து கையெழுத்துப் போட்டான். திரும்பும்போது அவளைப் பார்த்தான். அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே அவனைப் பார்த்தாள். டீ இனித்தது.

தினமும் போனாள். மழை பெய்தாலும் போனாள். சந்திரன் முதலில் திட்டினான். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ராஜமாணிக்கம் பத்தே நாளில் வேறு மேஸ்திரியை வைத்துக்கொண்டார். கண்ணையா முகத்தில் தாடி ஏறியது. ஒரு நாள் அவன் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கே வந்தான்.

"இன்னுமா உனக்கு அடங்கல?"

"இல்ல."

"அந்த நெம்புகோலக் கொண்டாந்து இன்னொரு தோளையும் ஒடச்சிட்டுப் போ. தெனம் இப்படி வந்து உக்காந்து பாக்காத."

"எம்புள்ள வாசலப் பாத்த மாதிரியா நான் பாக்குறேன்? அதுல கால்வாசிகூட இல்ல கங்காணி."

அவன் ரோட்டைத் தாண்டித் திரும்பிப் போனான்.

ஜூலையில் ஒரு காலை. கமலாட்சி வேலைக்குப் போக ஏழு மணிப் படகில் உட்கார்ந்திருந்தாள். முன்னால், கயிற்றுச் சுருளுக்குப் பக்கத்தில், தலையில் துண்டு போர்த்திய ஓர் ஆள் குனிந்திருந்தான். ஒரு தோள் இறங்கியிருந்தது. எலும்பு சரியாகச் சேராத தோள். அவளுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. முதலாளியைப் பார்த்து வேலை கேட்கப் போகிறான் என்று புரிந்தது. பத்து நிமிஷமும் அவள் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறைகூட வரவில்லை. படகு ஜெட்டியை இடித்ததும் எழுந்து நின்று கத்தினாள்.

"ஏட்டையா! இந்தா, இங்க இருக்கான்! கண்ணையா!"

அவன் ஓடவில்லை. கும்பிடவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போலீஸ்காரரோடு நடந்தான். மூன்று மாதம்.

அன்று கமலாட்சி பெரிய சூரை மீனாக வாங்கி வந்து குழம்பு வைத்தாள். பல மாதம் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். சந்திரன் தட்டைத் தொடவில்லை.

"அதே ஜெட்டி. எனக்கு அங்க எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அத நீ இன்னொருத்தனுக்குப் பண்ணிட்டு வந்து மீன் திங்கிற" என்றான்.

"ஆமா. திங்கிறேன்" என்றாள் அவள்.

பத்து நாள் கழித்து பக்தவத்சலம் குடையோடு அவள் கொட்டகைக்கே வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கண்ணையாவோட கேஸ நான் எடுத்துக்கிட்டேன். உன் முன்னாடி வந்து சொல்லணும்னு வந்தேன்."

கமலாட்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க எங்க வக்கீல்."

"நான் அந்த ஹுகுமுக்கு, அந்த உத்தரவுக்கு எதிரான வக்கீல். உன் புருஷன் மேல போட்டப்ப அது தப்பு. அவன் மேல போட்டா சரியாயிடுமா? என் தாத்தா தண்டனை முடிச்ச பின்னாடியும் பாஸ் இல்லாம கிராமத்த விட்டு நகர முடியாது. செத்தப்பவும் அவர் கோட்டுப் பையில அந்தப் பாஸ் இருந்தது." அவர் குடையை மடக்கினார். "இன்னொண்ணு. மே ரெண்டாம் தேதி நீ படகுல போகல. அன்னிக்கு எஞ்சின் ரிப்பேர், படகே ஓடல. அத நான் இப்பத்தான் பார்த்தேன். என் கையால பொய் மனு எழுத வெச்சிருக்க. கோர்ட்ல உன்னக் கூண்டுல ஏத்திக் கேப்பேன்."

அவர் போன பிறகு சந்திரன் மெதுவாகச் சொன்னான். "என்னயக் கூப்புட்டா நான் உள்ளதத்தான் சொல்லுவேன்."

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். தேதியை மறந்துவிட்டேன், மூன்றாம் தேதியாக இருக்கலாம் என்று சொல்ல மனசுக்குள் தயார் செய்துகொண்டாள். அவர்கள் எவ்வளவு பொய் சொன்னார்கள், யார் கூண்டில் ஏற்றினார்கள்?

ஆகஸ்டில் அதே செஷன்ஸ் கோர்ட், அதே ஜட்ஜ். கண்ணையாவை ஜெயிலிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். தலை மழித்திருந்தது. அவனைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இளைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

இந்த முறை அரசு வக்கீல் அவள் பக்கம். உத்தரவு நிற்க வேண்டும் என்று வாதாடினார். பக்தவத்சலத்தின் குமாஸ்தா அவள் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் முணுமுணுத்தான். "இந்தக் கூலிக் கூட்டம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான், யுவர் ஆனர். சிலோனிலிருந்து வந்தாலும் சரி, மெட்ராசிலிருந்து வந்தாலும் சரி. இப்படிக் கட்டி வைத்தால்தான் தீவு அமைதியாக இருக்கும். ராஜமாணிக்கம் போன்ற கௌரவமானவர்கள் இவர்களால் எவ்வளவு சிரமப்படுகிறார்கள்."

கமலாட்சி நிமிர்ந்தாள். பார்வையாளர் பெஞ்சில் ராஜமாணிக்கம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தன் மேஸ்திரி மொட்டைத் தலையோடு நிற்பதும், தன் கூலிக்காரி கூண்டில் ஏறுவதும் அவருக்கு ஒரே காட்சி. தனக்காகப் பேசுகிற இந்த வக்கீல் உண்மையில் யாருக்காகப் பேசுகிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மே மாதத்திலிருந்து அவள் தப்பான ஆளைப் பார்த்து டீ குடித்திருக்கிறாள்.

அவளைக் கூண்டில் ஏற்றி பக்தவத்சலம் கேட்டார். "கண்ணையா உன்னை மிரட்டியது மே இரண்டாம் தேதியா?"

"இல்ல. மார்ச்சு பதிமூணு."

கோர்ட்டில் சலசலப்பு எழுந்தது. அரசு வக்கீல் எழுந்து நின்றார்.

"அப்படியானால் சத்தியம் செய்து பொய் சொன்னாயா?"

"தேதியப் பொய் சொன்னேன். அவன் மெரட்டுனது நெசம். என்னத் தண்டிங்க, வாங்கிக்கிறேன்." அவள் கையை நீட்டிப் பார்வையாளர் பெஞ்சைக் காட்டினாள். "ஆனா என் வீட்டுக்காரரு கிடங்கக் கொளுத்துவேன்னு சொன்னதா இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அதையும் கேளுங்க சாப். அவரு அங்க உக்காந்து காலாட்டுறாரு."

ராஜமாணிக்கத்தின் கால் நின்றது.

அன்றைய வழக்கு அதுவல்ல என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். கண்ணையா மீதான நிபந்தனைகள் ரத்து. இந்த மாதிரி உத்தரவை நகல் எடுத்துப் போடுவதை நிறுத்த வேண்டும் என்று கீழ்க் கோர்ட்டுக்குக் காட்டமாக எழுதினார். பொய்த் தேதி சொன்னதற்குக் கமலாட்சிக்குக் கோர்ட் கலையும்வரை காவல். அவள் சாயங்காலம் ஐந்து மணிவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சந்திரன் வெளியே தங்கத்துக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாள் கண்ணையா அவர்கள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றான். சந்திரன் கதவருகே போனான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வாயில் இரண்டு பல் இல்லை, மற்றவனுக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.

"முதலாளி எழுதிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சேன். அந்தக் காயிதம் இன்னும் எங்கிட்ட இருக்கு" என்றான் கண்ணையா, சந்திரனிடம் இல்லை, உள்ளே பார்த்து.

கமலாட்சி வெளியே வந்தாள். "கோர்ட்டுல சொல்லுவியா?"

"சொன்னா என்னையும் உள்ள போடுவாவ."

"போடட்டும். நானும் உக்காந்துட்டுத்தான் வந்தேன்."

அவன் யோசித்தான். அந்த யோசனையில் ராஜமாணிக்கம் ஜீப்பில் ஏறிப்போனதுதான் ஓடியிருக்க வேண்டும். "சொல்லுதேன்" என்றான்.

"ஒன்ன நான் மன்னிக்கல கங்காணி. அத நெனச்சுக்க."

"நான் கேக்கலியே."

இருவரும் ஒரே படகில் போனார்கள். அவள் பின்பக்கம் உட்கார்ந்தாள், அவன் முன்பக்கம். வக்கீல் வீட்டுக்கு நடந்தபோதும் பத்தடி இடைவெளி இருந்தது. பக்தவத்சலம் கதவைத் திறந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வழக்கு இழுத்தது. செப்டம்பர் கப்பலில் சந்திரன் தங்கத்தைக் கூட்டிக்கொண்டு கட்சாலுக்குப் போய்விட்டான். "முடிச்சிட்டு வா. என்னால இதோட குடியிருக்க முடியாது" என்றான், கோபமில்லாமல். அவள் ஒற்றையாக அந்தக் கொட்டகையில் இருந்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனாள். ராஜமாணிக்கத்தின் வக்கீல் மாறினார், சலவை வேட்டி மாறவில்லை. அவருக்காகப் பார்வையாளர் பெஞ்சில் வந்து உட்காரும் பெரிய மனிதர்கள் மட்டும் வரவரக் குறைந்தார்கள். வழக்கு தொடங்கி எட்டாவது மாதம் தீர்ப்பு வந்தது. பொய்ச் சாட்சி தயாரித்ததற்கு ராஜமாணிக்கத்துக்கு ஆறு மாதம், சொன்னதற்குக் கண்ணையாவுக்கு ஒரு மாதம். முதலாளியைப் போலீஸ் வேனில் ஏற்றும்போது கமலாட்சி கதவுக்கு மிக அருகில் போய் நின்றாள். அவர் தலை குனிந்து ஏறினார். வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். பிறகு கட்சால் கப்பலுக்குப் பெயர் கொடுக்கப் போனாள்.

கட்சால் துறையில் சந்திரனும் தங்கமும் காத்திருந்தார்கள். பிள்ளைக்கு முடி நன்றாக வளர்ந்து, இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. ஒரு சாண் உயர்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றது. கமலாட்சி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். தங்கம் அந்தக் கையைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது.

"முடிஞ்சுதா?" என்றான் சந்திரன்.

"ஆறு மாசந்தான் குடுத்தாங்க" என்றாள் அவள்.